இளைஞர் மன்றங்களிடம் பெற்றோர் எதிர்பார்க்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளைஞர் மன்றங்கள் பிள்ளைகளுக்கு வாழ்க்கைத் திறன்களையும் சமூக உணர்வையும் வளர்க்கின்றனவா என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையையும், அதையொட்டிப் பெற்றோர் பலர் எழுதிய கடிதங்களையும் தொடர்ந்து படித்து வந்தேன். பதின்பருவத்தில் இருக்கும் இரண்டு பிள்ளைகளின் பெற்றோர் என்ற முறையிலும், அவர்கள் உறுப்பினர்களாக உள்ள மன்றத்தின் பெற்றோர் குழுவில் இருப்பவர் என்ற முறையிலும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். வந்த கடிதங்களில் பாதி, மன்றம் பிள்ளைகளைப் பொறுப்புள்ளவர்களாக ஆக்கிவிடும் என்று நம்புகின்றன. மறுபாதி, படிப்பைக் கெடுத்துக் கூடாத சேர்க்கையில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று அஞ்சுகின்றன. எல்லா மன்றங்களும் ஒன்றுபோலவே நடக்கின்றன என்று எண்ணிக்கொண்டுதான் இரு தரப்பினரும் பேசுகிறார்கள். பிள்ளைகளிடம் உண்மையான வேலையை ஒப்படைத்துவிட்டு, பக்கத்தில் பெரியவர்கள் நிலையாக இருக்கும் மன்றம் ஒருவகை. நான்கு சுவரும் ஒரு தொலைக்காட்சியும் விளையாட்டு மேசையும் மட்டுமே உள்ள மன்றம் இன்னொரு வகை. முன்னதற்கு நம்பிக்கை பொருந்தும், பின்னதற்கு அச்சம் பொருந்தும். ஆகவே அங்கே என்ன கற்றுத் தருகிறார்கள் என்று விசாரிப்பதைவிட, நம் பிள்ளையை நம்பி எதை ஒப்படைக்கிறார்கள் என்று விசாரிப்பதே பெற்றோருக்குப் பயன் தரும் என்பது என் கருத்து.

பெற்றோர் கூடும் இடங்களில் இந்தப் பேச்சு எழும்போது, "அங்கே போனால் என்ன கிடைக்கும்?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. சான்றிதழ் தருவார்களா, கல்லூரிச் சேர்க்கைக்கு உதவுமா, மேடையில் பேசப் பழக்குவார்களா என்று அது விரியும். கேட்பதில் தவறில்லை, பிள்ளையின் மாலை நேரம் எங்கே கழிய வேண்டும் என்று பார்க்கும் கடமை நமக்கு இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் புறப்பட்ட மன்றங்கள் என்ன ஆகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். தலைமைப் பண்புப் பயிற்சி, ஆளுமை வளர்ச்சி வகுப்பு என்று பலகை மாட்டி, பள்ளி முடிந்து களைத்து வந்த பிள்ளையை அவை இன்னொரு வகுப்பறையில் உட்கார வைக்கின்றன. ஒருவர் பேசுகிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள், கடைசி நாளில் எல்லோருக்கும் சான்றிதழ் வழங்கப்படுகிறது. கேட்டவர்களில் ஒருவருக்கேனும் அந்த நாட்களில் ஒரு முடிவை எடுக்கவோ, பிடிக்காத ஒருவரோடு சேர்ந்து வேலை செய்யவோ, எடுத்த காரியம் கெட்டுப்போனால் அதைச் சரிசெய்யவோ வாய்ப்பு வந்திருக்காது.

உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தை வகுத்துத் தந்தது. முடிவெடுத்தல், சிக்கலுக்குத் தீர்வு காணுதல், படைப்பூக்கத்தோடு சிந்தித்தல், ஆராய்ந்து சிந்தித்தல், கருத்தைத் தெளிவாகப் பரிமாறுதல், பிறரோடு உறவைப் பேணுதல், தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் ஆகியவை அவை. இந்தப் பட்டியலைத் தேர்வில் பிழையின்றி எழுதும் பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். எழுதியதற்கு மதிப்பெண் கிடைக்கும், திறன் வராது. பத்தில் எதை எடுத்தாலும், அதைப் பழகுவதற்கு எதிரில் இன்னொரு மனிதர் இருந்தாக வேண்டும், அல்லது கவனம் தப்பினால் கெட்டுப்போகக்கூடிய ஒரு காரியமாவது கையில் இருந்தாக வேண்டும்.

எங்கள் மன்றத்தில் நடப்பதையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். அங்கே பொருளாளர் பொறுப்பை 15, 16 வயதுப் பிள்ளைகளே ஆண்டுக்கு ஒருவராக ஏற்கிறார்கள். சந்தா வாங்கி ரசீது கொடுப்பது, செலவு செய்தவரிடம் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குவது, ரொக்கப் புத்தகத்தில் பதிவது, மாதக் கடைசியில் கையிருப்போடு கணக்கை ஒத்துப்பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. வங்கியிலிருந்து பணம் எடுப்பதற்கு மட்டும் பெரியவர்களின் கையொப்பம் வேண்டும். ஒருமுறை விளையாட்டுப் போட்டிக்கான கணக்கில் பணம் குறைந்தது. சிறு தொகைதான், பெரியவர் யாராவது தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். பொறுப்பாளர் அதற்கு இடம் தரவில்லை. பொருளாளராக இருந்த மாணவி, செலவு செய்தவர்கள் எல்லோரையும் அழைத்து உட்கார வைத்து, ஒருவர் மீதும் பழி சுமத்தாமல், ஒவ்வொரு சீட்டாகக் கேட்டுச் சரிபார்த்து, பதிவாகாமல் விட்டுப்போன ஒரு செலவைக் கண்டுபிடித்தார். பணத்தைத் தொலைத்தது யார் என்று ஏற்கெனவே ஒருவரைப் பற்றி முணுமுணுப்பு எழுந்திருந்ததால், கணக்கு நேரானதைவிட அந்த முணுமுணுப்பு அடங்கியதுதான் பெரிய காரியம். மேலே சொன்ன பத்துத் திறன்களில் அவருக்கு அன்று தேவைப்படாதது எது என்று யோசித்துப் பார்த்தேன். எளிதில் விடை கிடைக்கவில்லை. அவருடைய தாயார் பிற்பாடு, "இப்போது வீட்டுச் செலவுக்கும் என்னிடம் சீட்டு கேட்கிறாள்" என்று பெருமையும் சலிப்புமாகச் சொன்னார்.

பிள்ளைகளை நம்பி ஒப்படைப்பது இன்று நேற்றுத் தோன்றிய யோசனை அன்று. ஒய்.எம்.சி.ஏ. என்று நாம் அறிந்த அமைப்பை 1844இல் லண்டனில் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ், அப்போது 22 வயதான துணிக்கடை ஊழியர். கடையில் நெடுநேரம் உழைத்துவிட்டு, நல்ல போக்கிடம் இல்லாமல் இருந்த இளைஞர்களுக்காக அத்தகைய இளைஞர்களே கூடித் தொடங்கியது அது. 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில், சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் நடத்திய முகாமில் சிறுவர்கள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒவ்வோர் அணிக்கும் சிறுவன் ஒருவனே தலைவன். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகத் தங்கினார்கள் என்பது அந்தக் காலத்துக்குச் சாதாரணமானதன்று. சாரணர் இயக்கத்தில் எத்தனையோ மாறிவிட்டன. சிறு அணி, அதற்குள்ளிருந்தே வரும் தலைவர் என்ற முறை மட்டும் இன்றும் நீடிக்கிறது.

படிப்புக்கு வருகிறேன், பெற்றோரின் கவலைகளில் அதிகம் ஒலிப்பது அதுதான். மன்றத்தில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் பாடப் புத்தகத்திடமிருந்து பறிக்கப்பட்டது என்று கணக்கிடுவது எளிது. இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்க்க லண்டனில் ஒரு வாய்ப்பு, வருந்தத்தக்க முறையில், அமைந்தது. அரசின் செலவுக் குறைப்பால் 2010க்கும் 2019க்கும் இடையே அந்நகரின் இளைஞர் மன்றங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு மூடப்பட்டன. அருகிலிருந்த மன்றத்தை இழந்த பிள்ளைகளையும் இழக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டுச் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2024இல் வெளிவந்தது. மன்றத்தை இழந்த பகுதிப் பிள்ளைகள் 16 வயதில் எழுதும் பொதுத்தேர்வில் சற்றுக் குறைவாகவே மதிப்பெண் பெற்றிருந்தார்கள். 10 முதல் 17 வயது வரையிலானோர் குற்றச்செயலில் ஈடுபடும் வாய்ப்பு 14 விழுக்காடு கூடியிருந்தது. மதிப்பெண்ணில் ஏற்பட்ட சரிவு பெரிதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் மன்றம் மூடப்பட்டதால் மிஞ்சிய நேரம் புத்தகத்துக்குப் போகவில்லை என்பது தெளிவு. எங்கே போயிருக்கும் என்பதைக் கைப்பேசி உள்ள எந்த வீட்டினரும் ஊகித்துக்கொள்ளலாம். தேர்வுக் காலத்தில் கூட்டங்களைக் குறைத்துக்கொள்ளுமாறு மன்றத்திடம் கேட்பது நியாயம். ஆண்டு முழுவதும் தேர்வுக் காலம் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயமில்லை.

கூடாத சேர்க்கை பற்றிய அச்சத்தை இவ்வளவு எளிதாக என்னால் தள்ளிவிட முடியாது. அதில் உண்மை இருக்கிறது. ஜோசப் மஹோனி, ஹோகன் ஸ்டாட்டின் என்ற இரு ஆய்வாளர்கள் சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகள் சுமார் 700 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் விசாரித்துச் செய்த ஆய்வு 2000இல் வெளியானது. குறித்த நேரம், வழிநடத்தும் பெரியவர், படிப்படியாகத் தேர்ச்சி பெற ஒரு திறன் ஆகியவை உள்ள செயல்களில் ஈடுபட்ட பிள்ளைகளிடம் தீய நடத்தை குறைவாக இருந்தது. விரும்பியபோது வரலாம், விரும்பியதைச் செய்யலாம் என்று நடத்தப்பட்ட இளைஞர் பொழுதுபோக்கு மையங்களுக்குச் சென்ற பிள்ளைகளிடமோ அது அதிகமாக இருந்தது. ஏற்கெனவே வழி தவறத் தொடங்கிய பிள்ளைகளே அத்தகைய இடங்களை நாடியிருக்கலாமே என்று கேட்கலாம், சரியான கேள்விதான். அதற்கு ஓரளவு விடை தருவது, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஆகிய நகரங்களில் 1939இல் தொடங்கிய ஒரு திட்டம். ஒத்த பின்னணி உள்ள சிறுவர்களை இருவர் இருவராக எடுத்து, நாணயம் சுண்டி ஒருவரைத் திட்டத்தில் சேர்த்து, மற்றவரை அப்படியே விட்டுவிட்டார்கள். சேர்க்கப்பட்டவர்களுக்கு வழிகாட்டி, பாடத்தில் உதவி, மருத்துவ உதவி, கோடை முகாம் எனப் பலவும் கிடைத்தன. முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிக் கண்டபோது, பலரும் அந்தத் திட்டத்தை நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். ஆனால் விட்டுவிடப்பட்டவர்களோடு ஒப்பிட்டால், சேர்க்கப்பட்டவர்களின் நிலையே பல வகைகளில் மோசமாக இருந்தது. கோடை முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களிடம் கேடு கூடுதலாகத் தெரிந்தது.

பிள்ளைகளும் பெற்றோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து ஒரு மன்றம் நல்லது செய்கிறது என்று முடிவு கட்ட முடியாது என்பதற்கு இதைவிட அழுத்தமான சான்றை நான் அறியேன். சிக்கலில் உள்ள பிள்ளைகளை மட்டும் ஓரிடத்தில் திரட்டி, செய்வதற்கு எதுவும் தராமல் விட்டால், அவர்கள் ஒருவருக்கொருவர் ஆசிரியர் ஆகிவிடுகிறார்கள். தீய செயலைப் பற்றிய பேச்சுக்குச் சிரிப்பும் கைதட்டலும் கிடைக்கிற கூட்டத்தில் அதுவே அடுத்த நாளும் பேசப்படுகிறது. ஆகவே "அடங்காத பிள்ளைகளைத் திருத்தித் தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் இடங்களைக் கண்டால் நான் விலகிப்போகவே சொல்வேன். அதே நேரத்தில், அத்தகைய பிள்ளை ஒருவரும் உள்ளே வரக்கூடாது என்று மன்றத்தை வற்புறுத்தும் பெற்றோரோடும் எனக்கு உடன்பாடில்லை. எல்லா வகைப் பிள்ளைகளும் கலந்து, ஒரு நாடகத்தையோ போட்டியையோ இரத்ததான முகாமையோ நடத்தி முடிக்க வேண்டிய வேலையில் இருக்கும்போது, கூட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பது அந்த வேலையாக இருக்கும். துணிச்சலாகப் பேசும் ஒருவராக இருக்காது.

பாதுகாப்பு பற்றி விவாதிக்க அதிகம் இல்லை, நடைமுறைப்படுத்தத்தான் இருக்கிறது. குழந்தைகள் பாதுகாப்புக்காகப் பணியாற்றும் பிரிட்டனின் என்.எஸ்.பி.சி.சி. அமைப்பு, 9 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகள் 8 பேருக்கு ஒரு பெரியவர், 13 முதல் 18 வயது வரையிலானோர் 10 பேருக்கு ஒரு பெரியவர் என்றும், எவ்வளவு சிறிய குழுவாக இருந்தாலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது. புகார் சொல்ல வேண்டுமானால் யாரிடம் சொல்வது என்று பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இவற்றைக் கேட்கும் பெற்றோரைச் சந்தேகப் பேர்வழி என்று பார்க்கும் மன்றத்தில் பிள்ளையைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் தயங்குவதற்குப் பாதுகாப்பு மட்டும் காரணமன்று. கூட்டம் முடியும் நேரம், திரும்பி வரும் வழி, கழிப்பறை வசதி போன்றவற்றைப் பற்றி ஒருவரும் யோசிக்காத இடத்தில், பெண்களும் வரலாம் என்று அறிவிப்பதில் பொருளில்லை. வந்தாலும் அவர்களுக்கு வரவேற்புக் குழுவும் அலங்காரக் குழுவும்தான் ஒதுக்கப்படுகின்றன. 1909இல் லண்டன் கிறிஸ்டல் பேலசில் நடந்த சாரணர் அணிவகுப்புக்குச் சில சிறுமிகள் தாமாகவே சீருடை அணிந்து வந்து நின்றார்கள். அடுத்த ஆண்டே சிறுமிகளுக்கான சாரணியர் அமைப்பு உருவாயிற்று. அழைக்காமலே வந்து நின்ற அந்தச் சிறுமிகளின் துணிச்சலை எல்லாப் பிள்ளைகளிடமும் எதிர்பார்ப்பது முறையாகாது. நேரத்தையும் பொறுப்புகளையும் மன்றம்தான் மாற்றியமைக்க வேண்டும்.

சமூக உணர்வு என்று எல்லோரும் சொல்கிறோம். நடைமுறையில் அது பெரும்பாலும் ஒருநாள் நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடுகிறது. முதியோர் இல்லத்துக்குச் சென்று, பொருட்களைக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதில் பிள்ளைக்கும் முதியவருக்கும் இடையே எதுவும் நிகழ்வதில்லை. அதே இல்லத்துக்கு வாரந்தோறும் செல்லும் பிள்ளைக்கு அங்கே காது கேளாதவர் யார், யாருக்குச் செய்தித்தாளை உரக்கப் படிக்க வேண்டும், யாருடைய பேச்சைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் தெரிந்திருக்கும். மன்றத்துக்கு உள்ளேயும் இது பொருந்தும். பள்ளியில் பிள்ளைகள் தம் வயதினரோடு மட்டுமே இருக்கிறார்கள். பல வீடுகளில் ஒரே பிள்ளை. 11 வயதுச் சிறுவனும் 17 வயது இளைஞரும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும் இடம் இன்று மிகக் குறைவு. சிறியவர் கேட்கும்போது பொறுமையாகச் சொல்லித்தர வேண்டிய கட்டாயம் பெரியவரைப் பக்குவப்படுத்துவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வீட்டில் தம்பியிடம் சீறும் அதே பிள்ளை அங்கே அவ்வளவு நிதானமாக இருப்பதைக் கண்டு, நாம் வியக்கவும் வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறாமைப்படவும் வேண்டியிருக்கிறது.

இதில் பெற்றோரின் பங்கு என்ன என்பதற்கு ஐஸ்லாந்தின் அனுபவத்தைப் பார்க்கலாம். அங்கே 15, 16 வயது மாணவர்களில், முந்தைய ஒரு மாதத்துக்குள் மது அருந்திப் போதையுற்றதாகச் சொன்னவர்கள் 1998இல் 42 விழுக்காடு; 2016இல் அது 5 விழுக்காடு. விளையாட்டு, இசை, கலை மன்றங்களுக்கு அரசும் நகர நிர்வாகங்களும் நிதி அளித்ததைப் பலரும் எழுதுகிறார்கள். இரவில் பிள்ளைகள் வெளியே இருப்பதற்கான நேரக் கட்டுப்பாடு போன்ற சட்டங்களும் துணை நின்றன. எல்லாப் பெருமையையும் மன்றங்களுக்கே கொடுத்துவிட முடியாது. அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு: பள்ளிதோறும் பெற்றோர் கூடிப் பேசி, மது அருந்துவதையும் இரவில் வெளியே சுற்றுவதையும் நம் பிள்ளைகளுக்கு அனுமதிக்க மாட்டோம் என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள், வார இறுதி இரவுகளில் குழுவாகத் தெருக்களில் நடந்து, வெளியே நின்ற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். "எல்லோர் வீட்டிலும் விடுகிறார்கள்" என்று பிள்ளை சொல்லும்போது, மற்ற வீட்டுப் பெற்றோரை நமக்குத் தெரிந்திருந்தால் அந்த வாதம் நிற்காது. மன்றத்தின் வழியாகப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதற்கு நிகராக, பெற்றோருக்கு இந்த அறிமுகம் கிடைக்கிறது. வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

மன்றங்களை நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃப் அமைப்புக்காக எழுதிய கட்டுரையில், பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாக வகுத்தார். பிள்ளைகளைப் பெரியவர்கள் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்திக்கொள்வது, அலங்காரமாக நிறுத்துவது, பெயரளவுக்குச் சேர்த்துக்கொள்வது ஆகிய கீழ் மூன்று படிகளும் பங்கேற்பே ஆகாது என்றார். விழா மேடையில் பூங்கொத்து கொடுக்கவும், தலைவர்கள் வருமுன் நாற்காலி போடவும், தேர்தல் நேரத்தில் கொடி பிடிக்கவும் மட்டுமே இளைஞர் தேவைப்படும் மன்றங்கள் இருக்கின்றன என்பதை நாம் எல்லோரும் அறிவோம். பெற்றோரின் தயக்கத்துக்கு அவையும் காரணம். ஐ.நா. பொதுச்சபை 1989இல் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு தம்மைப் பாதிக்கும் விவகாரங்களில் கருத்துச் சொல்லும் உரிமையையும், 15ஆம் பிரிவு கூடிச் சங்கம் அமைக்கும் உரிமையையும், 31ஆம் பிரிவு ஓய்வுக்கும் விளையாட்டுக்குமான உரிமையையும் பிள்ளைகளுக்குத் தருகின்றன. மூன்றாவதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். திறன் வளர்க்கிறோம் என்ற பெயரில் மன்றத்தின் ஒவ்வொரு நிமிடத்தையும் நிரப்பிவிட்டால், வேலை முடிந்தபின் சும்மா உட்கார்ந்து பேசிச் சிரிக்கும் நேரம் இல்லாமல் போகும். நட்பு பிறப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

பெற்றோர் செய்யக்கூடியது கடினமானதன்று. சேர்க்கும் முன் ஒருநாள் மன்றத்துக்குப் போய், ஓரமாக உட்கார்ந்து, யார் பேசுகிறார்கள், யார் தீர்மானிக்கிறார்கள் என்று பார்க்கலாம். கூட்டக் குறிப்பேட்டையும் கணக்குப் புத்தகத்தையும் கேட்டுப் பார்க்கலாம், அவை பிள்ளைகளின் கையெழுத்தில் இருக்கின்றனவா என்பதையும் கவனிக்கலாம். சேர்த்தபின், மேற்சொன்ன இரண்டு பெரியவர் விதியைக் கடைப்பிடிக்க ஆள் இல்லாமல் பல மன்றங்கள் கூட்டத்தையே கைவிடுகின்றன என்பதை மனத்தில் வைத்து, மாதத்தில் ஒரு மாலையை அதற்குத் தரலாம். போனால், நம் பிள்ளையின் வேலையை நாம் செய்து முடித்துவிடாமல் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அதுதான் இதில் உண்மையிலேயே கடினமானது.

தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. இது தொடர்பாக இதுவரை தாங்கள் வெளியிட்ட கடிதங்கள் யாவும் பெற்றோர் எழுதியவை. மன்றங்களில் உறுப்பினர்களாக உள்ள பிள்ளைகளின் கடிதங்களுக்கும் இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மன்றத்தின் செயலாளரான மாணவர் எழுதத் தயாராக இருக்கிறார்; இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டியபோது, குறிப்பாகப் பெற்றோர் வந்து ஓரமாக உட்காரலாம் என்ற யோசனையில் தமக்கு உடன்பாடில்லை என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
பெற்றோர் குழு உறுப்பினரான தங்கள் வாசகர்